மூன்றாம் வரிசையில் ஏழாவது ஆள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கை சும்மா இருக்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அது முற்றிவிட்டது. நன்றாக எரிகிற அடுப்பின் பர்னரைக் கழற்றிக் கழுவுவேன். ஒழுங்காக ஓடுகிற கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுவேன். "ஏனுங்க, அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுட்டும், உடுங்க" என்று வீட்டுக்காரி ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்லிவிடுவாள். விட்டால்தானே. போன மாதம் பீரோவின் மேல்தட்டைக் குடைந்துகொண்டிருந்தேன். அந்துருண்டை வாசத்தோடு ஒரு பழுப்பு உறை கையில் வந்தது. உள்ளே, நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் மில்லில் எடுத்த குரூப் போட்டோ. ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட் முழுசும் ஐந்து வரிசையாக நிற்கிறது. சின்னப் பிரதிதான். ஒவ்வொரு முகமும் துவரம்பருப்பு அளவு.

எடுத்தவன் பார்த்துவிட்டு உள்ளே வைத்திருக்கலாம். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, பழைய மில் ஆட்களுக்கென்று. காலையில் ரோஜாப்பூ, மத்தியானம் பென்சன் சந்தேகம், சாயங்காலம் யாராவது ஒருவரின் மரணச் செய்தி. அதில் போட்டோவைப் போட்டு, "இதில் நான் எங்கே, கண்டுபிடியுங்கள்" என்று ஒரு வரியும் எழுதினேன். தலை நிறைய முடியோடு ஓரமாக நிற்கிறேன், அதைக் காட்டத்தான். வேறென்ன. மில்லில் வைண்டிங் டிபார்ட்மென்ட்டில் இருந்த நண்பர் ஒருவர், "முடி இருக்கறவங்களைத் தள்ளிட்டுத் தேடறேன், கெடைக்க மாட்டேங்கறீங்க" என்று பதில் போட்டார். அன்றைக்கு அந்தச் சிரிப்போடு போயிற்று.

நாலு நாள் கழித்து ஒரு அழைப்பு. தெரியாத நம்பர்.

"ஏனுங்க, டைம் ஆபீஸ்ல இருந்த சாருங்களா? நான் மதுக்கரைல இருந்து ஜோசப் பேசறனுங்க. இங்க ஸ்கூல்ல வாத்தியாரா இருக்கறேன். நீங்க போட்ட மில் போட்டோவைத் தெரிஞ்சவரு ஒருத்தரு அனுப்பிவெச்சாருங்க. அதுல மூணாவது வரிசைல, எடது பக்கத்துல இருந்து ஏழாவதா நிக்கறது எங்கப்பாவாட்டவே இருக்குதுங்க. அருளப்பன்னு பேருங்க."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் படத்தைப் பற்றி என்னிடமே சொல்கிறாரே என்று. படத்துக்குக் கீழே பெயர்ப்பட்டியல் ஒட்டியிருக்கும். அதைத் தமிழ் டைப்ரைட்டரில் அடித்து, கத்திரித்து, பசை தடவி ஒட்டியது இந்தக் கைதான். "இல்லீங்க தம்பி. மூணாவது வரிசை ஏழாவது ரங்கசாமி. பேரே அடிச்சிருக்குது பாருங்க. அடிச்சதே நாந்தான்" என்றேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தின கிளார்க் தோரணை குரலில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் வாதம் பண்ணவில்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ பேசினார். ஒரு வயசான பெண்குரல் கேட்டது. திரும்ப வந்து, "அம்மா ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்றாங்க சார். அந்தச் சட்டைல மேல இருந்து ரெண்டாவது பொத்தான் மட்டும் கருப்பா இருக்குதான்னு பாத்துச் சொல்லச் சொல்றாங்க. போன்ல பாத்தா ஒண்ணுந் தெரிய மாட்டேங்குதுங்க" என்றார்.

என் பிரதியிலும் தெரியாது. ஆனால் நான் பார்க்க வேண்டியதே இல்லை. அந்தப் பொத்தானை எனக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். ஒண்டிப்புதூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், மாலை போட்ட பெரிய படத்தில், வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே ஒரே ஒரு கருப்புப் பொத்தான். மேலிருந்து இரண்டாவது. "பாத்துட்டுக் கூப்பிடறேன் தம்பி" என்று போனை வைத்துவிட்டேன்.

அது சரஸ்வதியின் வீடு. அவளைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது.

ரங்கசாமி எங்கள் மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். இந்தப் படம் எடுத்து ஒன்றரை வருஷத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். சரஸ்வதிக்கு அப்போது நடக்கக்கூட வரவில்லை. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு காங்கேயம் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவளும் ஐந்தாறு வருஷத்தில் போய்விட்டாள். தாய்மாமன்தான் வளர்த்தார். அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனபோது, மாமனும் மருமகளும் ஒரு நாள் மில் கேட்டுக்கு வந்தார்கள். நான் அப்போது வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீஸில் பெரிய ஆள், அதாவது மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கு நாற்காலி.

கல்யாணத்துக்கு முந்தின நாள், செத்துப்போன தாய் தகப்பன் படத்துக்கு முன்னால் படையல் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பெண்ணுக்கு மேற்கொண்டு சீர் செய்வார்கள். அம்மா படம் ஒன்று, மாமன் வீட்டு விசேஷத்தில் எடுத்தது, இருந்தது. அப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. அவர் கல்யாணத்தில் போட்டோ பிடிக்கவில்லை. "ஒரு சின்னப் படமிருந்தாக்கூடப் போதுமுங்க. மில்லுல எதுலயாச்சும் நின்னிருப்பாருங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். மூக்கில் வியர்வை. புதுச் செருப்பு கடித்து ஒரு காலைத் தூக்கித் தூக்கி நின்றாள். அந்த வயசில் என் தங்கையும் அப்படித்தான் நிற்பாள், அதனாலோ என்னவோ எனக்கு மனசு இளகிவிட்டது.

மேனேஜர் அறையில் அந்தக் குரூப் போட்டோ பெரிதாக மாட்டியிருந்தது. கூட்டிக்கொண்டு போனேன். பெயர்ப்பட்டியலில் விரலை வைத்து, எண்ணி, மேலே கொண்டுபோனேன். மூன்றாம் வரிசை, ஏழாவது. "இவருதாம்மணி உங்கப்பா."

அவள் படத்தின் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள், மூச்சுப் பட்டு ஆவி படிகிற அளவுக்கு. மாமன் மட்டும் கொஞ்சம் யோசித்தார். அவர் மைத்துனரை மொத்தம் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பார். "மாப்பள இன்னுங் கொஞ்சம் செவப்பாட்ட இருப்பாரு" என்று இழுத்தார். நான், "கருப்பு வெள்ளைல செவப்பு எங்கீங்க தெரியும்" என்றேன். "அதுஞ் சேரிதானுங்க. பேரே போட்டிருக்குதே, அப்புறமென்ன" என்று அவரும் ஒத்துக்கொண்டார். அச்சில் பெயர் இருந்தால் கண் அதற்குத் தக்கபடி வளைந்துகொடுக்கும். எனக்கும் அப்படித்தான் வளைந்துகொடுத்தது.

இங்கே ஸ்டுடியோக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து வீட்டுப் போட்டோக்களில் யார் யார் என்று அடையாளம் கண்டுபிடிப்பது சாமானிய வேலை இல்லை. எங்கள் ஊரில் ஒரே ஸ்டுடியோ. அதில் ஒரே கோட்டு. பதினைந்து வருஷத்து மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தக் கோட்டுக்குள் புகுந்து வந்தவர்கள். கையில் ஒரே வாட்ச், அதுவும் ஓடாத வாட்ச், எல்லாப் படத்திலும் ஒரே நேரம் காட்டும். என் பெரியப்பா என்று நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த படத்தைப் பார்த்து ஒரு கல்யாணத்தில் ஒருத்தர், "இது என்ற சகலையில்லீங்களா, பல்லடத்துல உசுரோட இருக்கறாரே" என்றார். அன்றைக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வேறு ஒருத்தர் வீட்டில் இதே காரியத்தை நான் பண்ணி வைத்திருக்கிறேன் என்று அப்போது தெரியாது.

சரஸ்வதிக்கு ஒப்பணக்கார வீதியில் அந்தக் குரூப் போட்டோவை எடுத்த ஸ்டுடியோவிலேயே நான் சொல்லி, அந்த ஒரு முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவர்களிடம் பெரிய நெகட்டிவே இருந்ததால் பெரிதாக்கினாலும் துல்லியமாக வந்தது. டச்சப் பண்ணுகிறவர் பக்கத்து ஆட்களின் தோள்களை மை வைத்து அழித்தார். கோட்டு போட்டுவிடட்டுமா, அந்தக் கருப்புப் பொத்தானை வெள்ளையாக்கிவிடட்டுமா என்று கேட்டார். "வேண்டாமுங்க. எங்கம்மா தெச்ச பொத்தானாட்ட இருக்குது. அப்பிடியே இருக்கட்டும்" என்று சரஸ்வதி சொன்னாள். பிறகு அவள் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லித்தான் வளர்த்தாள், ஆத்தா தைத்த பொத்தான் என்று. ஆடி அமாவாசைக்கு அந்தப் படத்துக்குப் படையல் உண்டு. அவருக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாததால் வெல்லம் போட்ட கச்சாயம் சுட்டு, தட்டுவடையும் வாங்கி, ஒரு கட்டு வெற்றிலையும் வைப்பாள். மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். ஹால் டிக்கெட் வந்ததும் முதலில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் வைப்பாள். என்னைச் சரஸ்வதி சித்தப்பா என்று கூப்பிடுவாள். "எங்கப்பனைக் கண்ணுல காட்டுனவருங்க" என்று வருகிற ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாருக்கும் என்னை அறிமுகம் செய்துவைப்பாள். ஒவ்வொரு முறையும் நான் வெட்கப்பட்டுக்கொண்டே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

இப்போது அந்தப் பொத்தானைப் பற்றி மதுக்கரையில் ஒரு கிழவி கேட்கிறாள், பார்க்காமலேயே.

போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடிக்குப் போனேன், இறங்கினேன். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான், பிடரியில் யாரோ தட்டின மாதிரி, சிவப்பு மை ஞாபகம் வந்தது.

அந்தப் படம் எடுத்தது நூல் நூற்கிற புது ரிங் பிரேம் மெஷின் ஓட ஆரம்பித்த நாளில். நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். காலை ஷிப்ட் சங்கு ஊதினதும் எல்லாரையும் வெளியே மரத்தடிக்கு வரச்சொன்னார்கள். எங்கும் மண்ணெண்ணெய் வாசம், மெஷின் துடைத்த வாசம். ஸ்பின்னிங் ஆட்களுக்கு எப்போதும் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும், இருபது வயசுக்காரனும் நரைத்தவன் மாதிரி இருப்பான். அன்றைக்கு எல்லாரும் எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்தார்கள். பாதிப் பேர் சட்டைப்பையில் பேனா. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர்கள்கூட யாரிடமோ வாங்கிச் செருகியிருந்தார்கள். பெயர் எழுதச் சுலபமாக இருக்கும் என்று சூப்பர்வைசர் எல்லாரையும் டோக்கன் நம்பர் வரிசைப்படி நிறுத்தினார். என்னையும் ஓரத்தில் நின்றுகொள்ளச் சொன்னார், அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மில்லில் பதிலி என்று ஒரு ஏற்பாடு உண்டு. நிரந்தரத் தொழிலாளி ஒருவர் லீவு போட்டால் அவர் மெஷின் நிற்கக்கூடாதே. அதற்காக விடியற்காலையிலேயே கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம் காத்துக்கொண்டிருக்கும். டைம் ஆபீஸிலிருந்து ஒரு நம்பரைக் கூப்பிடுவோம், ஒரு பதிலி உள்ளே வருவார். அன்றைக்கு அவர்தான் அந்த நம்பர். அந்த நம்பரின் மெஷினில் நிற்பார், அந்த நம்பரின் கணக்கில் நூல் ஓட்டுவார். மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பேரேட்டில், நிரந்தர ஆளின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'ப' என்று ஒரு எழுத்துப் போடுவோம். அவ்வளவுதான். பதிலியின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இருக்காது. எட்டு வருஷம், பத்து வருஷம் பதிலியாகவே வந்துபோனவர்கள் இருந்தார்கள்.

போட்டோ அன்றைக்கும் பதிலிகள் அவரவர் அன்றைய நம்பரில் போய் நின்றார்கள். சாயங்காலம் நான் மஸ்டர் ரோலைப் பார்த்துப் பெயர் அடித்தேன். நடுநடுவே சிவப்பு 'ப'. பத்துப் பன்னிரண்டு இருக்கும். டைம் கீப்பர் பெரியவரிடம் போய், "பதிலி ஆளுகளுக்கு அவிய பேரையே போட்டரலாமுங்களா?" என்று கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பதிலிக்கெல்லாம் பேரு எதுக்கப்பா. நெம்பரு ஆருதோ அவம் பேரைப் போட்டு உடு" என்றார். போட்டுவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்றுதான் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மேனேஜர் அறையில் மாமன் "இன்னுங் கொஞ்சம் செவப்பாட்ட" என்று இழுத்தபோது, எனக்குள் எங்கோ ஒரு மூலையில் அந்தச் சிவப்பு மை எட்டிப் பார்த்ததா இல்லையா? பார்த்தது என்று இப்போது தோன்றுகிறது. பழைய மஸ்டர் ரோல் கட்டுகள் அப்போது ஸ்டோர் ரூமில்தான் கிடந்தன. அரை நாள் மெனக்கெட்டுத் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு தேடப் பிடிக்கவில்லை. நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்ட திருப்தியில் மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் ஜோசப்பைக் கூப்பிட்டேன். "உங்கப்பா பதிலியா இருந்தாருங்களா?" என்றதும், "ஆமாங்க சார், ஆறு வருசம். பர்மனென்ட் ஆகவே இல்ல. அப்பறம் இங்க சுண்ணாம்புக்கல் வெட்டற வேலைக்கு வந்துட்டாரு. எனக்குப் பத்து வயசு இருக்கறப்பத் தவறிட்டாருங்க" என்றார். அவர்கள் வீட்டிலும் ஒரு படம் இருக்கிறது. ஒன்றே ஒன்று. பெட்டிக்குள் படுக்க வைத்து, சுற்றிலும் குடும்பம் நிற்க, அடக்கத்துக்கு முன்னால் எடுத்தது. "கண்ணு தொறந்தாப்பல ஒண்ணு கெடையாதுங்க. அம்மாவுக்கு எழுபத்தெட்டாச்சு. பெருசாப் போட்டது எங்கயாச்சும் இருந்தாச் சொல்லுங்க சார், எங்க இருந்தாலும் அம்மாவைக் கூட்டிட்டு வாரேன்."

மேனேஜர் அறைப் படம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. மில்லை இடித்தபோது ஜன்னலோடு ஜன்னலாகப் போயிருக்கும். அந்த ஸ்டுடியோவும் இன்றைக்கு இல்லை. இனி உலகத்தில் அந்த முகம் தெளிவாக இருப்பது ஒண்டிப்புதூர்க் கூடத்தில் மட்டும்தான். அதற்கு நான் சரஸ்வதியிடம் வாயைத் திறக்க வேண்டும். அது உன் அப்பா இல்லை என்று சொல்ல வேண்டும்.

போனேன். முதல் முறை போனபோது அவள் பச்சைப்பயறு கடைந்து, களி கிண்டியிருந்தாள். சாப்பிட்டேன். மகளின் படிப்பு, அவள் வீட்டுக்காரரின் லேத் பட்டறைக்கு ஆர்டர் வருகிறதா, எல்லாம் விசாரித்தேன். படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "ஏனுங்க சித்தப்பா, எப்பவும் அந்தச் சேர்லதானே உக்காருவீங்க" என்றாள். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று ஏதோ சொன்னேன். வந்த வழியே திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது என்மேல் எனக்கே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஜோசப் இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. வீட்டுக்காரி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "அந்தம்மாளுக்கு எழுவத்தெட்டுன்னு சொன்னீங்க. நீங்க நல்ல நாள் பாத்துட்டே இருங்க."

அடுத்த வாரம் மறுபடி போனேன். செருப்பைக் கழற்றுவதற்குள், உட்கார்வதற்குள், தண்ணீர் குடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று முடிவுபண்ணிக்கொண்டு, வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். பதிலி, சிவப்பு மை, டைம் கீப்பர், பொத்தான், எல்லாம். மாமன் இழுத்ததையும், நான் ஸ்டோர் ரூமுக்குப் போகாததையும்கூட விடவில்லை.

சரஸ்வதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உள்ள வாங்க சித்தப்பா, வெய்யல்ல நிக்காதீங்க" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷன், ஆனால் அவர் வளர்ந்த ஊரில் தோட்டத்துக்காரர்கள் ஒரு பக்கம், அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம். குரலைத் தாழ்த்தி, "அவிய என்ன ஆளுங்க?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சரஸ்வதி சொன்னாள்.

"இருவத்திரண்டு வருசமா அவருக்குத்தான் கச்சாயஞ் சுட்டு வெச்சுக் கும்புட்டிருக்கறேன். உங்க புள்ளைகளை அவரு கால்லதான் உழுக வெச்சேன். இப்பப் போயி என்ன ஆளுன்னு கேட்டு என்னத்துக்காவுதுங்க?"

அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவள் என்னிடம், "அந்தம்மாளைக் கூட்டிட்டு வரச்சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை வரட்டும்" என்றாள். அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து நேராக வந்தார்கள். ஜோசப் உயரமானவர், பேண்ட்டுக்குள் சட்டையை விட்டு, வாத்தியார் என்று தெரிகிற மாதிரி இருந்தார். அம்மா சூசையம்மாள் வெள்ளைச் சேலை, கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. வாசலில் தயங்கி நின்றார். அந்தத் தயக்கம் முழங்கால் வலியால் வந்தது இல்லை. சரஸ்வதி போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

படத்தில் மல்லிகை மாலை இருந்தது. நெற்றியில், கண்ணாடிமேல், குங்குமப் பொட்டு. சூசையம்மாள் அண்ணாந்து பார்த்தார். நான் ஒரு குற்றவாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"கோவிச்சுட்டு நிக்கறாப்பல இருக்குது. வெய்யல் மூஞ்சில அடிச்சா அப்பிடித்தான் நிக்கும்" என்றார் கடைசியில். பிறகு, "அந்தப் பொத்தான், ஊட்ல வெள்ளை இல்ல. இருட்டோட கேட்டுக்குப் போகோணும்னு அவசரப்படுத்துச்சு. எம்பட ரவிக்கைல இருந்து பிச்சுத் தெச்சு உட்டேன்" என்றார். சரஸ்வதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் அம்மா தைத்த பொத்தான் அப்படிப் போயிற்று.

சரஸ்வதியே ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள். மாலையை எடுத்தாள். பொட்டை ஈரத்துணியால் துடைத்தாள். சூசையம்மாள் தடுத்தார். "நீயே வெச்சுக்கோ கண்ணு. நாங்க போன்ல புடிச்சுக்கறோம். இத்தனை வருசம் பூ வெச்சிருக்கறே, நாங்கூட வெச்சதில்ல." சரஸ்வதி கேட்கவில்லை. "அவரு உங்கூட்டுக்குத்தானுங்கம்மா வரோணும்" என்று படத்தைத் துண்டில் சுற்றி ஜோசப் கையில் கொடுத்தாள். அந்த மனுஷன் வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், குழந்தையைப் போல மார்போடு வைத்துக்கொண்டு நின்றார்.

காப்பி குடித்தார்கள். அப்போதுதான் சரஸ்வதி கேட்டாள், ரொம்ப மெதுவாக. "ஏனுங்கம்மா, நீங்க எங்கப்பனைப் பாத்திருக்கறீங்களா?"

சூசையம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "பேரு நல்லாத் தெரியும் கண்ணு. ரங்கசாமியண்ணன் லீவு போட்டாத்தான் எங்கூட்ல அன்னைக்கு அடுப்பெரியும். பெரும்பாலும் அந்தண்ணன் நெம்பருக்குத்தான் இவரைக் கூப்புடுவாங்க. காலைல எந்திரிச்சதும், 'சாமி, இன்னைக்கு ரங்கசாமியண்ணன் லீவு போடோணும்'னு நான் ஜெபம் பண்ணுவேன். அது பாவமான்னு சாமியார்கிட்டக் கேட்டிருக்கறேன். பேருதான் தெரியும். மொகந் தெரியாது."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அவள் மாமன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது, ரங்கசாமி வழியில் ஆட்களும் மிச்சமில்லை. நான் இதற்கு முன்பே குழுவில் கேட்டுப் பார்த்திருந்தேன். அந்தப் படத்தில் நின்றவர்களில் உயிரோடு இருப்பவர்கள் மூன்று பேர். ஒருவருக்கு நினைவு தப்பிவிட்டது. ஒருவர் ரங்கசாமி போன பிறகு நிரந்தரம் ஆனவர், அன்றைக்குத் தற்செயலாக வந்த பதிலி, ரங்கசாமியைப் பார்த்ததே இல்லை. மூன்றாவது ஆள் நான். நான் ரங்கசாமியைப் பார்த்திருக்கிறேன். ஒன்றே முக்கால் வருஷம், வாரத்துக்கு ஆறு நாள், காலையில் டோக்கன் எடுக்கும்போதும் சாயங்காலம் போடும்போதும் என் முன்னால் வந்து நின்றிருக்கிறார். "உங்கப்பா நெம்பரு நானூத்திப் பன்னெண்டு அம்மணி. முதல் ஷிப்ட். ஆறாம் நெம்பர் பிரேம்" என்றேன். அதெல்லாம் கடகடவென்று வந்தது.

"நெம்பரு வேண்டாமுங்க சித்தப்பா. ஆளு எப்பிடி இருப்பாரு?"

முயன்றேன், கண்ணை மூடிக்கொண்டு. கேட்டு வந்தது, சங்கு வந்தது, பஞ்சு ஒட்டிய தலைகள் வரிசையாக வந்தன. நானூற்றுப் பன்னிரண்டு வருகிற இடத்தில், துண்டில் சுற்றி ஜோசப் வைத்துக்கொண்டிருந்த அந்த முகம்தான் வந்து நின்றது. இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, அடியில் ஏதாவது இருந்திருந்தாலும் நானே அழித்துவிட்டேன்.

"உசரமா, குட்டையா? அதையாச்சுஞ் சொல்லுங்க" என்றாள் சரஸ்வதி. அவள் முகம் அப்படியே மேனேஜர் அறையில் பார்த்த முகமாக இருந்தது. உயரம் என்று சொல்லியிருக்கலாம். சிரித்த முகம், நல்ல சுபாவம், உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார் என்று என்னவேணாலும் சொல்லியிருக்கலாம், சரிபார்க்க ஆள் கிடையாது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"தெரியல அம்மணி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, வெகுநேரம் மூடவில்லை. ரங்கசாமியைப் பார்த்த கண் என்று இந்த உலகத்தில் இனி மிச்சம் இருப்பது என்னுடையது ஒன்றுதான். அதிலும் அவர் இல்லை.